"வருகைக் குறைவு"ன்னு பள்ளியிலிருந்து லெட்டர். பொண்ணோ காலையில வயிறு வலிங்கிறா. நேர்ல போய் என்ன சொல்றது?

#1 நூல்கண்டு | திங்கள், இரவு 11.40

ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டுப் போறவ நான். இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன். நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

பொண்ணு ரெண்டாங்கிளாஸ், ஏழு வயசு. இன்னைக்கு அவ டைரிக்குள்ள ஒரு கவர் வந்திருந்துச்சு. பள்ளி முத்திரை, தலைமை ஆசிரியர் கையெழுத்து. "61 வேலை நாட்களில் 9 நாட்கள் வருகை இல்லை. 6 நாட்கள் தாமதம். பெற்றோர் நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்." லெட்டரே அவ்வளவுதான். "விளக்கம் அளிக்கவும்"ங்கிறதைப் பார்த்ததும் கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு.

விஷயம் இதுதான். வாரத்துல ஒரு நாளாவது எழுந்ததும் "வயிறு வலிக்குதும்மா"ன்னு சுருண்டு படுத்துக்கறா. நடிப்பு இல்ல, முகமே வாடியிருக்கும். பதினோரு மணிக்கெல்லாம் எழுந்து விளையாட ஆரம்பிச்சுடுவா. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை காட்டியாச்சு. "ஒண்ணும் இல்ல, ஸ்கூலுக்குப் போக மனசில்லாத வலி"ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஆனா நல்லாத்தான் படிக்கிறா. மிஸ்ஸைப் பிடிக்கும். யாரும் அடிக்கல, கிண்டல் பண்ணலன்னுதான் சொல்றா.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. என்னன்னு சொல்றது? பேரை எடுத்துடுவாங்களா?

#2 இரவுப்பணி அப்பா | திங்கள், இரவு 11.58

முதல்ல மூச்சு விடுங்க சிஸ்டர். இதே லெட்டர் எனக்கும் போன வருஷம் வந்துச்சு. என் கேஸ்ல லீவு இல்ல, தாமதம். நான் வேலை முடிஞ்சு வீடு வந்து சேரவே ஏழே முக்கால் ஆகும். பையனைக் கிளப்பிக் கூட்டிட்டுப் போனா கேட் சாத்தியிருக்கும். வாட்ச்மேன் நோட்டுல கையெழுத்து, மஞ்சள் சீட்டு, அதை எடுத்துட்டு எல்லாரும் பார்க்க கிளாசுக்குள்ள போகணும். பையனுக்கு அந்த மஞ்சள் சீட்டுன்னாலே அழுகை.

திட்டு வாங்கத் தயாரா போனேன். ஆபீஸ்ல இருந்த கிளார்க்கம்மா நான் சொன்னதைக் கேட்டுட்டு, "சார், ஏழு மணிக்கே பிள்ளைங்களை விடலாமே, காலைப் பராமரிப்பு இருக்கே, ஏன் சேர்க்கல?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அட்மிஷன் அன்னைக்குக் கொடுத்த கையேட்டுல கடைசிக்கு முந்தின பக்கத்துல இருந்துச்சாம். அபராதம், யூனிஃபார்ம் கலர், நகம் வெட்டறது எல்லாம் முதல் பக்கத்துல. உதவி மட்டும் கடைசிக்கு முந்தின பக்கத்துல!

#3 சாக்பீஸ் | செவ்வாய், காலை 6.10

தொடக்கப் பள்ளியில் 22 வருடம் பாடம் எடுப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தை உங்கள் மேல் கோபப்பட்டு யாரும் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு அளவைத் தாண்டினால் தானாகக் கிளம்பும் கடிதம் அது. பல நாடுகளில் பள்ளிகள் வைத்திருக்கும் அளவு, மொத்த வேலை நாட்களில் பத்து சதவீதம். வருடத்துக்கு 180 நாள் என்றால் 18 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் மாதத்துக்கு இரண்டே நாள்தான். அதனால்தான் வீட்டில் யாருக்கும் உறைப்பதில்லை. உங்கள் பெண்ணுக்கு 61-இல் 9, கிட்டத்தட்ட பதினைந்து சதவீதம். காரணம் சொன்ன லீவா, சொல்லாத லீவா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. உடம்பு சரியில்லாமல் நின்றாலும் நின்றதுதான்.

ஏழு வயதுக் குழந்தை லீவு போட்டதற்காகப் பேரை எடுப்பது கடைசிக் கட்டத்துக்கும் கடைசி. அதை இப்போது மறந்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலை செய்யுங்கள். காலண்டரை எடுத்து அந்த 9 நாளையும் 6 நாளையும் கிழமை வாரியாகக் குறித்துப் பாருங்கள். பக்கத்தில் அவள் டைம்டேபிளை வையுங்கள். இன்னொன்று, லீவ் லெட்டரில் என்ன காரணம் எழுதினீர்கள்?

#4 கறார் | செவ்வாய், காலை 7.25

எல்லாரும் தட்டிக் கொடுத்துட்டே இருங்க. குழந்தை வயிறு வலின்னா உடனே லீவு. பதினோரு மணிக்கு விளையாடறான்னு நீங்களே எழுதறீங்க. அப்போ பதினொன்றரைக்குக் கொண்டுபோய் விட வேண்டியதுதானே? எங்க காலத்துல நூறு டிகிரி ஜுரத்தோட போனோம். விதின்னு ஒண்ணு இருந்தா அது எல்லாருக்கும்தான்.

#5 வெள்ளைத் தொப்பி | செவ்வாய், காலை 9.02

> கறார் எழுதியது: நூறு டிகிரி ஜுரத்தோட போனோம்

போனீங்க, பக்கத்து பெஞ்சுக்கும் கொடுத்துட்டு வந்தீங்க சார் :)

நான் பள்ளி நர்ஸ். இன்னைக்குப் பெரும்பாலான பள்ளிகள்ல இருக்கிற விதி இது: மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் வரணும். காலையில மாத்திரை கொடுத்து இறக்கிவிட்டு அனுப்பறது கணக்குல வராது, பத்து மணிக்கு எங்கிட்டதான் வந்து படுக்கும். வாந்தி, வயித்துப்போக்குன்னா நின்ன பிறகும் ஒரு நாள், சில இடத்துல 48 மணி நேரம். அதே மாதிரி, பேனுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பற பழக்கம் இன்னும் பல பள்ளிகள்ல இருக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, பேனையோ ஈரையோ காரணம் காட்டி நல்லா இருக்கிற குழந்தையை வகுப்பிலிருந்து நிறுத்தக் கூடாதுன்னு வெளிப்படையா சொல்லியிருக்கு. பேன் நோயைப் பரப்பாது, அவமானம்தான் பரவும்.

ஆனா கறார் சொன்னதுல பாதி சரி. சரியானதும் அரை நாளாவது கொண்டுபோய் விடறது நல்லது. வீட்டுல நின்னா வலி போயிடும்னு உடம்பு கத்துக்கிட்டா வெளிய வர்றது கஷ்டம்.

#6 ஓரெழுத்து | செவ்வாய், மதியம் 1.15

என் மகனுக்கும் இதே வயிற்று வலிதான், மூன்றாம் வகுப்பில். ஒரு வருடம் அலைந்தோம். கடைசியில் காரணம், அன்றன்று மூன்றாவது பீரியடில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள் என்பது. அவனுக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் அவனுக்குச் சொன்ன பேச்சைக் கேட்காது. வாய்ப்பாடு, கதை எல்லாம் காதால் கேட்டே மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் எங்களுக்கும் டீச்சருக்கும் தெரியவே இல்லை.

உங்கள் பெண்ணுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. நல்லா படிக்கிறாள் என்று நீங்கள் எழுதியதும் என் காது விறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி எதுவும் சந்தேகம் வந்தால் கேட்டில் நின்றுகொண்டு டீச்சரிடம் வாயால் சொல்லாதீர்கள். "என் குழந்தையின் கற்றல் திறனை மதிப்பீடு செய்ய வேண்டும்" என்று எழுதி, தேதி போட்டு, நகலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் நான் கேட்டது ஏழு மாதம் காற்றோடு போனது. எழுதிக் கொடுத்த பிறகு மூன்று வாரத்தில் ஆள் வந்தார். 1994-இல் ஸ்பெயினின் சலமான்காவில் 92 அரசுகள் கூடி, எந்தக் குழந்தையானாலும் வழக்கமான பள்ளியிலேயே இடமும் உதவியும் கொடுக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். முப்பது வருடம் தாண்டிவிட்டது. எங்கள் பள்ளியில் அதன் வடிவம், படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசையும் வாரத்துக்கு இரண்டு நாள் வரும் ஒரு சிறப்பாசிரியையும். அந்த அம்மா மட்டும் இல்லையென்றால் என் மகன் இன்று வாசித்திருக்க மாட்டான்.

#7 நூல்கண்டு | செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. காலண்டரை வெச்சுக் குறிச்சுப் பார்த்தேன். ஒன்பதுல நாலு செவ்வாய், நாலு வியாழன். மீதி ஒண்ணு திங்கள், அது நிஜமாவே காய்ச்சல். லேட்டான ஆறுல அஞ்சு செவ்வாயும் வியாழனும்தான். நான் இதை எப்படிப் பார்க்காம விட்டேன்னு தெரியல.

டைம்டேபிள்ல அந்த ரெண்டு நாளும் மூணாவது, நாலாவது பீரியட் சேர்த்து பாட்டும் லைப்ரரியும். அது பழைய கட்டடத்துல நடக்கும். அவளுக்குப் பாட்டு உசிரு, வீட்டுலயும் பாடிட்டேதான் இருப்பா. லைப்ரரியில இருந்து புத்தகம் கொண்டு வருவா. அப்புறம் ஏன்?

@சாக்பீஸ், கேட்டீங்களே... ஒன்பது லீவ் லெட்டர்லயும் "காய்ச்சல் காரணமாக"ன்னுதான் எழுதியிருக்கேன். வயிறு வலின்னு எழுதினா நம்ப மாட்டாங்கன்னு நினைச்சேன்.

#8 சாக்பீஸ் | செவ்வாய், இரவு 10.45

எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். என் மேசை டிராயரைத் திறந்தால் உலகத்துக் காய்ச்சல் மொத்தமும் அங்கேதான் இருக்கும். ஆனால் பாருங்கள், ஒரே மாதிரி எட்டு வயிற்று வலி என் கைக்கு வந்திருந்தால் நாலாவதிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்கும். இனிமேல் உள்ளதை எழுதுங்கள்.

பழைய கட்டடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? அதைக் கண்டுபிடியுங்கள்.

#9 கறார் | செவ்வாய், இரவு 11.05

பாட்டு வாத்தியார் யாரு, எப்படிப்பட்டவர்? அதைக் கேளுங்க முதல்ல. இந்த ஒரு விஷயத்துல நான் விளையாட மாட்டேன்.

#10 ரெண்டு சாவி | புதன், காலை 8.30

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். பள்ளி விதின்னு பேச்சு வந்ததால கேக்கறேன். நான் தனியா பிள்ளை வளர்க்கறவ. நேத்து எனக்கு மீட்டிங் நீண்டுடுச்சு, எங்கப்பாவைப் போய்ப் பேத்தியைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். "பட்டியல்ல உங்க பேர் இல்லை"ன்னு ஒரு மணி நேரம் அவரைக் கேட்டுக்கு வெளியிலயே நிக்க வெச்சுட்டாங்க. சொந்தத் தாத்தா! பேத்தி உள்ளே இருந்து "தாத்தா"ன்னு கத்தியும் விடல. இது நியாயமா?

#11 கறார் | புதன், காலை 8.41

நியாயம்தான். பிள்ளை தாத்தான்னு கூப்பிடறதை வெச்சு விட ஆரம்பிச்சா, மிட்டாய் கொடுத்துத் தாத்தான்னு கூப்பிட வைக்கவும் ஆள் வருவான்.

#12 மூணாவது நாற்காலி | புதன், காலை 9.20

@ரெண்டு சாவி, அப்பாவை நிக்க வெச்சது வருத்தம்தான், ஆனா அந்த விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது. பள்ளிக்கு உங்க குடும்பக் கதை தெரியாது, பட்டியல்தான் தெரியும். இன்னைக்கே போய் அப்பா பேரு, போட்டோ, போன் நம்பர் சேர்த்துடுங்க. இன்னும் ரெண்டு பேரையும் சேருங்க. முக்கியமா, யாரை விடக் கூடாதுன்னு நீதிமன்ற உத்தரவு எதாவது இருந்தா அதோட நகலையும் கொடுத்து வைங்க. வாயால சொன்னா கேட்ல நிக்கிற புது ஆளுக்குப் போய்ச் சேராது. இதுக்குத் தனி இழை போடுங்க, நானே வந்து எழுதறேன்.

#13 பேத்திமார் நாலு | புதன், காலை 11.00

ஏம்மா நூல்கண்டு, நான் நாலு பேத்தி, ஒரு பேரனை வளர்த்தவ. நெட்டு கிட்டு எல்லாம் எனக்கு வராது, மருமகதான் டைப் பண்றா. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உம் பொண்ணு சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழட்டிட்டு பாத்ரூம் போறாளா, கழட்டாமலே ஓடறாளா?

தண்ணி பாட்டிலைத் தூக்கிப் பாரு. காலையில எவ்வளவு கனமோ சாயந்தரமும் அவ்வளவு கனம் இருக்கா?

#14 நூல்கண்டு | புதன், இரவு 9.50

அம்மா, உங்க பதிலைப் படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன்.

ஓடுவா. தினமும். ஷூவோட. "ஈரத்துல ஷூ போட்டு மிதிக்காதே"ன்னு தினமும் கத்துவேன். பாட்டில் நிறைஞ்சுதான் வரும். தண்ணி குடிக்க மாட்டேங்கறான்னு அதுக்கும் திட்டியிருக்கேன்.

இன்னைக்கு எதையும் நேரா கேக்கல. சாயந்தரம் பாட்டிலைக் கழுவிட்டே, "பழைய கட்டடத்து பாத்ரூம் எப்படிம்மா இருக்கும், நான் பார்த்ததே இல்லையே"ன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொல்றா: "அங்க கொண்டி விழாதும்மா. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கணும். பெரிய அக்காங்க வந்து தள்ளுவாங்க. அவங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது தெரியாது."

அவ கிளாஸ் பக்கத்துலயே சின்னப் பிள்ளைங்க டாய்லெட் இருக்கு, அது நல்லா இருக்குமாம். ஆனா இன்டர்வெல்லுக்கு மட்டும்தான் விடுவாங்க. செவ்வாய், வியாழன் மட்டும் இன்டர்வெல்லே பழைய கட்டடத்துல. அன்னைக்குக் காலையில ஒன்பது மணியில இருந்து சாயந்தரம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் எதுவுமே போகாம இருந்திருக்கா. ஒரு நாள் பீரியட் நடுவுல கை தூக்கிக் கேட்டதுக்கு, "இப்பத்தானே இன்டர்வெல் முடிஞ்சது"ன்னு மிஸ் சொன்னாங்களாம். அதுக்கப்புறம் கேக்கவே இல்லை.

நான் அவளை நடிக்கறேன்னு ஒரு நாள் சொல்லிட்டேன்.

#15 வெள்ளைத் தொப்பி | புதன், இரவு 10.30

உங்களை நீங்களே திட்டிக்கறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல உடம்பு.

குழந்தைங்க சிறுநீர்ப்பையோட கொள்ளளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வயசோட ஒண்ணைக் கூட்டி முப்பதால பெருக்கினா மில்லி. ஏழு வயசுன்னா எட்டு முப்பது 240 மில்லி. ஒரு பெரிய டம்ளர், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலுல இருந்து ஏழு தடவை போறது சாதாரணம். ஏழு மணி நேரம் அடக்கணும்னா ஒரே வழி, தண்ணியே குடிக்காம இருக்கிறது. பிள்ளைங்க இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடிச்சுடும்.

பெரிய கவலை அடுத்தது. மலத்தையும் அடக்கறாளான்னு பாருங்க. குழந்தைங்களுக்கு மலச்சிக்கல் ஆரம்பிக்கிற காலம் மூணு: திட உணவுக்கு மாறும்போது, கழிப்பறைப் பழக்கம் கத்துக்கும்போது, பள்ளிக்கூடம் சேரும்போது. மூணாவதைப் பெத்தவங்க கவனிக்கிறதே இல்ல, ஏன்னா அந்த வயசுல பிள்ளை தானா போயிட்டு வந்துடும். அடக்க அடக்க இறுகும், இறுகினா போகும்போது வலிக்கும், வலிச்சதால இன்னும் அடக்கும். சில சமயம் உள்ளாடையில கறை படும், வீட்டுல அதைச் சோம்பேறித்தனம்னு திட்டுவாங்க. தொப்புளைச் சுத்தி விட்டு விட்டு வர்ற வலிக்கு இது ரொம்பச் சாதாரணமான காரணம். பெண் பிள்ளைங்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரவும் வழி இருக்கு. எரிச்சல், காய்ச்சல் இருந்தா தள்ளிப் போடாதீங்க.

டாக்டர்கிட்ட மறுபடி போங்க. "வயிறு வலி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எத்தனை நாளைக்கு ஒரு தடவை போறா, எப்படிப் போகுது, பள்ளியில அடக்கறா, இந்த மூணையும் சொல்லுங்க. கடையில நீங்களா மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். வரும்போது "தேவைப்படும்போது கழிப்பறை செல்ல அனுமதிக்கவும்"னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. நாங்க நூறு தடவை வாயால சொல்றதை அந்த ஒரு சீட்டு செஞ்சுடும்.

#16 சாக்பீஸ் | வியாழன், காலை 5.50

இராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. "இப்பத்தானே இன்டர்வெல் முடிஞ்சது" என்று நானும் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த மிஸ்ஸைக் கெட்டவராக்காமல் கேளுங்கள். இந்த விதி ஏன் இருக்கிறது என்றால், 38 பிள்ளைகள், ஒரு ஆள். ஒருத்தி கேட்டால் ஆறு பேருக்கு உடனே வரும். வெளியே போன பிள்ளை வழுக்கி விழுந்தால், இரண்டு பேர் தண்ணீரைப் பீய்ச்சி விளையாடினால், பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பில் இருக்கும் டீச்சர். கூட அனுப்ப ஆள் கிடையாது. பயத்தில் போட்ட விதி இது, கொடுமைக்காகப் போட்டதில்லை.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது ஒரு பையன். ஆறு வருடம் முன்னால், பெஞ்சுக்கு அடியில் ஈரம். எல்லாரும் பார்ப்பதற்குள் நான் என் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டேன், "ஐயோ, என் தண்ணி கொட்டிடுச்சு" என்று. அடுத்த நாளிலிருந்து கதவுப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, பழைய டஸ்டர் ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். டஸ்டர் ஆணியில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க வேண்டாம். இல்லையென்றால் ஒருத்தர் வெளியே இருக்கிறார், காத்திரு. முதல் வாரம் திருவிழாதான், முப்பத்தெட்டு பேருக்கும் வந்தது. மூன்றாவது வாரத்தில் புதுமை தீர்ந்து, போக வேண்டியவர்கள் மட்டும் போனார்கள்.

#17 கறார் | வியாழன், காலை 7.15

தாழ்ப்பாள் இல்லாத கதவுன்னா அது வேற விஷயம். அதை யாரும் விதின்னு சொல்ல மாட்டாங்க, அது பராமரிப்புக் கோளாறு. ஏழு வயசுப் பெண் குழந்தை ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும்னா எந்த நிர்வாகத்துக்கும் வெக்கமா இருக்கணும். இன்டர்வெல்ல போகணும்ங்கிற விதி தப்புன்னு இன்னமும் சொல்ல மாட்டேன். ஆனா போக வேண்டிய இடத்தை நல்லா வெச்சுட்டுத்தான் அந்த விதியைப் போடணும்.

நடிப்புன்னு நினைச்சு எழுதினதுக்கு சாரி சிஸ்டர்.

#18 நகல் கையெழுத்து | வியாழன், காலை 10.40

பெற்றோர் குழுவில் ஐந்து வருடம் இருந்தவன். நாளைக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போக இப்படி எழுதுங்கள்:

"மகள் பெயர், வகுப்பு. வருகைக் குறைவு குறித்த தங்கள் கடிதம் கிடைத்தது. அவள் வராத 9 நாட்களில் 8 நாட்கள் செவ்வாயும் வியாழனும். அந்நாட்களில் இடைவேளைக்குப் பயன்படுத்தும் பழைய கட்டடக் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் அவள் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்கிறாள். (1) தாழ்ப்பாள்களைச் சரிசெய்ய வேண்டும். (2) அதுவரை அந்த இரு நாட்களிலும் தன் வகுப்பருகே உள்ள கழிப்பறைக்குச் செல்ல அனுமதிக்க வேண்டும். (3) மருத்துவர் குறிப்பு இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

இவ்வளவு போதும். மிஸ் சொன்னதை எழுத வேண்டாம், அதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சட்டத்தையும் முதல் கடிதத்தில் இழுக்க வேண்டாம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-வது பிரிவிலேயே, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 12-வது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. அதெல்லாம் இரண்டாவது கடிதத்துக்கு. முதல் கடிதத்திலேயே பிரிவு எண்ணைப் போட்டால் அவர்கள் கதவைச் சரிசெய்வதை விட்டுவிட்டு வக்கீலைத் தேடுவார்கள்.

(அந்த உடன்படிக்கை 1989 நவம்பர் 20-இல் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தின நாள், நவம்பர் 19, உலகக் கழிப்பறை தினம். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்களா தெரியாது, எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.)

#19 மூணாவது நாற்காலி | வியாழன், மாலை 4.30

நான் பள்ளி ஆலோசகர். மீட்டிங்கில் தலைமை ஆசிரியர், டீச்சர் ரெண்டு பேரும் உக்காந்த பிறகு ஓரமா போடற நாற்காலி என்னோடது. அங்கிருந்து நான் பார்க்கிறதைச் சொல்றேன்.

பெத்தவங்க குற்றவாளி மாதிரி வந்து உக்காருவாங்க. சாரி கேப்பாங்க. இனிமே ஒழுங்கா அனுப்பறேன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. பத்து நிமிஷம். எதுக்காக வரலைங்கிறது அந்தப் பத்து நிமிஷத்துல வெளிய வராது. அப்புறம் தெரிய வரும்: அம்மா ஆஸ்பத்திரியில, மூத்த பிள்ளை தம்பியைப் பார்த்துக்கிட்டு வீட்டுல நின்னிருக்கும். இல்ல, துவைச்சுப் போட ரெண்டாவது யூனிஃபார்ம் இல்லாம மழைக்கால லீவு. இல்ல, வேன் நின்னுபோச்சு. இது ஒவ்வொண்ணுக்கும் பள்ளிகிட்ட ஏதாவது ஒரு உதவி இருக்கும், முழுசா இல்லைன்னாலும். ஆனா வீட்டு நிலைமையைக் கேட்டு எழுதிக்கிற இடம் லெட்டர்லயும் இல்ல, படிவத்துலயும் இல்ல.

அதனால கிளம்பறதுக்கு முன்னால நீங்க ஒரு கேள்வியாவது கேளுங்க: "எங்க வீட்டுக்கு இந்தப் பள்ளியில என்னென்ன உதவி கிடைக்கும், அதை யார்கிட்ட கேக்கணும்?" பதவியைச் சொன்னா பத்தாது, ஆள் பேரையும் அவர் வர்ற நாளையும் கேட்டு எழுதிக்கோங்க. அப்புறம், நீங்க சொல்றது யார் யார் கண்ணுக்குப் போகும்னும் கேளுங்க. வீட்டுக் கஷ்டத்தை எங்கிட்ட சொல்லிட்டு, அடுத்த வாரம் அது ஸ்டாஃப் ரூம் பேச்சா திரும்பி வந்தா எந்த அம்மா மறுபடி வாயைத் திறப்பாங்க?

இன்னொண்ணு. பள்ளி பேசற மொழி பெத்தவங்களுக்கு வரலைன்னா மொழிபெயர்க்க ஆள் கேளுங்க. பிள்ளையை நடுவுல உக்கார வெச்சுப் பேசாதீங்க. எட்டு வயசுப் பையன் தன்னைப் பத்தின புகாரைத் தானே மொழிபெயர்த்ததை நான் பார்த்திருக்கேன். புகார் பாராட்டா மாறிடுச்சு, அம்மா சிரிச்சுட்டே போனாங்க :)

பொண்ணை முதல்லயே உள்ளே கூட்டிட்டுப் போக வேண்டாம். பெரியவங்க நாலு பேர் அவ டாய்லெட் போறதைப் பத்திப் பேசறதை அவ கேக்க வேண்டாம்.

#20 ஓரெழுத்து | வெள்ளி, காலை 8.00

இன்றைக்குத்தானே? கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்.

#21 நூல்கண்டு | வெள்ளி, இரவு 9.15

போயிட்டு வந்தேன். நீங்க எல்லாரும் பக்கத்துல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு.

ஹெச்.எம். லெட்டரைப் படிச்சாங்க. "இது எங்களுக்கு யாருமே சொல்லலையே"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சா நான் ஒன்பது தடவை காய்ச்சல்னு எழுதியிருக்கேன். எழுந்து என்னையும் கூட்டிட்டே பழைய கட்டடத்துக்குப் போனாங்க. மூணு கதவு. ஒண்ணுல கொண்டியே இல்ல, ரெண்டுல கொண்டி இருக்கு, சட்டம் இறங்கினதால துளையில விழல. நான் உள்ளே போய்க் கதவைப் பிடிச்சுட்டுக் குந்திப் பார்த்தேன். என் கைக்கு எட்டுது. அவ கைக்கு எட்டணும்னா முன்னால சாஞ்சு, மறு கையைச் சுவத்துல ஊணணும்.

மிஸ்கிட்ட தனியா பேசினேன். கண் கலங்கிட்டாங்க. அவ கை தூக்கினது ஞாபகமே இல்லைன்னாங்க, அது உண்மையாத்தான் இருக்கும்.

நகல்ல சீல் போட்டு வாங்கிட்டேன். வருகைக் குறைவு லெட்டர் ஃபைல்லதான் இருக்குமாம், எடுக்க முடியாதாம், காரணம் மட்டும் பக்கத்துல எழுதுவாங்களாம். ஆலோசகர் இருக்காங்க, ஆனா புதன் மட்டும், ரெண்டு பள்ளிக்கு ஒருத்தர். மூணு வாரம் கழிச்சு நேரம் கொடுத்திருக்காங்க. நாளைக்கு டாக்டர்.

#22 பேத்திமார் நாலு | வெள்ளி, இரவு 9.40

குந்திப் பார்த்தே பாரு, அதுதான் கண்ணு. ஹெச்.எம்.மையும் குந்தச் சொல்லியிருக்கணும்.

#23 நூல்கண்டு | இரண்டு வாரம் கழித்து, செவ்வாய், மாலை 5.30

கேட்டவங்களுக்காக. டாக்டர் மலச்சிக்கல்தான்னு சொல்லி மருந்து கொடுத்திருக்கார், சில மாசம் ஆகுமாம். மூணு கதவுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சு, புள்ளைங்க கைக்கு எட்டற உயரத்துல. மூணாவதுக்குச் சட்டத்தையே மாத்தணுமாம், மனு போயிருக்காம். கிளாசுல மிஸ் ஒரு அட்டையை வெச்சிருக்காங்க, டஸ்டர் கதையை நான்தான் அவங்களுக்குச் சொன்னேன் சாக்பீஸ் மேடம்.

போன செவ்வாய் போனா. போன வியாழன் மறுபடி வயிறு வலின்னு நின்னுட்டா. லீவ் லெட்டர்ல "வயிறு வலி, பயம்"னே எழுதினேன். இன்னைக்குப் போனா. பாட்டில்ல பாதிதான் இருந்துச்சு. வந்ததும் திண்ணையில உக்காந்து லேஸை அவுத்தா. லெஃப்ட் ஷூ, அப்புறம் ரைட் ஷூ. எனக்கு முதுகைக் காட்டிட்டு, ஏதோ பாடிட்டே.

#24 புதுவரவு | செவ்வாய், இரவு 8.05

இந்த இழையை ஆரம்பத்துல இருந்து இப்பத்தான் படிச்சு முடிச்சேன். எழுந்து போய் என் பையன் பையைத் திறந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கனமா இருக்கு.